பிரிந்து வாழ்ந்த ஆண்டும் ஒரு போத்தல் ஈஸ்டும்

1

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் அதன் பின்னும் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஏழு மணிக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் நூறு கிராம் மால்ட் மாவைக் கரைத்துப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன்.

2. அதைக் கூம்புக் குடுவையில் ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் மூடி, சிங்கில் நிரப்பிய பனிக்கட்டித் தண்ணீரில் இருபது பாகைக்கு வரும்வரை ஆற வைத்தேன்.

3. குளிர்பெட்டியிலிருந்த சாடியை எடுத்து, அதிலிருந்த ஈஸ்டைக் குடுவைக்குள் ஊற்றினேன். குடுவையைக் காந்தத் தட்டின் மேல் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். நடுவில் சுழி விழுந்தது. நேரம் ஏழு ஐம்பது.

4. பதினொரு மணிக்கு ஈஸ்வரி மாமி வந்தார். என் கணவரின் தாயாருக்குத் தங்கை. நகரின் இன்னொரு பகுதியான வெக்ஸ்போர்ட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, முன்கூட்டிச் சொல்லாமல் வருவது அவர் வழக்கம்.

5. குடுவையைப் பார்த்து, "உது மருந்தோ பிள்ளை?" என்று கேட்டார்.

6. நான் "ஓம் மாமி" என்றேன்.

7. ஞாயிறு காலை யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசி எடுத்தார். விடியவே கோயிலுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். எதற்குக் கோயில் என்று நான் கேட்கவில்லை.

இவற்றில் ஆறாவது மட்டும் நான் செய்த பிழை. அதைச் செய்த அன்று நானும் என் கணவரும் சட்டப்படி பிரிந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில்தான் இருந்தோம். மாமிக்கு அது தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு அந்தக் குடுவையைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இங்கே வீட்டில் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சுவது குற்றம் இல்லை. அதற்கான தானியம், முளைத்த பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட், ஈஸ்ட் எல்லாம் விற்கிற கடைகள் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே, அதுதான் ஈஸ்ட். இனிப்பைத் தின்று மதுசாரத்தை உண்டாக்குவது அதன் வேலை. கடையில் வாங்கும் ஒரு பக்கற் ஈஸ்டை இருபது லீற்றர் மால்ட் தண்ணீருக்குள் நேரே கொட்டினால் எண்ணிக்கை காணாது. திணறும், பாதியில் நிற்கும், அதற்குள் வேறு கிருமிகள் இடம் பிடிக்கும். ஆகவே முதலில் ஒரு லீற்றர் இனிப்புத் தண்ணீரில் விட்டுப் பெருக்க வேண்டும். இரண்டு நாள் சுற்ற வேண்டும். ஒரு நாள் குளிரில் வைக்க வேண்டும். ஈஸ்ட் அடியில் வெள்ளைக் களியாகப் படியும். மேலே நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு அடியில் உள்ளதைப் பியருக்குள் விட வேண்டும். இதற்கு ஸ்டார்ட்டர் என்று பெயர்.

நான் யாழ்ப்பாணத்தில் நுண்ணுயிரியல் படித்தவள். இங்கே ஒரு பால் பண்ணைத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் தயிரில் உள்ள கிருமிகளை எண்ணுகிறேன். திங்கள் முதல் வியாழன் வரை வேலை. நான் பியர் குடிப்பதில்லை. கசக்கும்.

கலியாணம் முடிந்து, கணவர் போட்ட ஸ்பொன்சர் விசா சரிவந்து, நான் ரொறன்ரோ வந்து சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். அவர் கராஜில் காய்ச்சிய பியரை வாளியோடு வெளியே கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊறின துணி மாதிரி மணத்தது.

"எத்தினை கலம் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ன கலம்?"

"ஈஸ்ட் செல்."

"ஒரு பக்கற்."

"பக்கற் எண்டது ஒரு எண்ணிக்கையோ?"

அவர் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று இரண்டு மணித்தியாலம் கராஜில் நின்றே கதைத்தோம். நாங்கள் நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த கிழமை பழைய கணினியின் காற்றாடி ஒன்றையும் இரண்டு காந்தங்களையும் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டி, காந்தத் தட்டு ஒன்று செய்து கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். குடுவைக்குள் ஒரு சிறு காந்தக் குச்சியைப் போட்டால் தட்டு அதைச் சுற்றும், தண்ணீரும் சேர்ந்து சுற்றும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வகுப்பு முழுவதற்கும் இப்படி ஒரு தட்டுத்தான் இருந்தது. மின்சாரம் நின்றால் குச்சி கண்ணாடியில் டக் என்று விழும். யார் எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுவோம். மின்சாரம் வரும்வரை குடுவையைக் கையால் மாறி மாறி ஆட்டுவோம். இங்கே மின்சாரம் நிற்பதில்லை. முதல் நாள் ஸ்டார்ட்டரை வைத்துவிட்டு, டக் என்ற சத்தத்துக்காகவே வெகுநேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

3

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்பவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அடி இல்லை. வேறு ஆள் இல்லை. பியரையும் அவர் காய்ச்சிய அளவுக்குக் குடித்ததில்லை. பாதியை வேலையிடத்தில் கொடுத்துவிடுவார். ஒருநாள் பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னார்:

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வீட்டிலை வாடகைக்கு இருக்கிற ஆக்கள் மாதிரி இருக்கிறம் என்ன?"

நான் யோசித்துப் பார்த்தேன். "ஓம்," என்றேன்.

அவர் இடப்பக்கம் பார்த்து லேன் மாறினார். அவ்வளவுதான் நடந்தது. நான்கு கிழமை கழித்து இரண்டு பேரும் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம்.

அங்கே படிவம் நிரப்பிய பிள்ளைக்கு அபி என்று பெயர். இங்கே பிறந்தவள். "அக்கா, டேட் ஒஃப் செபரேஷன் என்ன?" என்று கேட்டாள்.

"இன்னும் நாள் வைக்கேல்லை," என்றேன். ஒரு காரியத்துக்கு நாள் வைப்பதுபோல் இதற்கும் யாரோ வைப்பார்கள் என்றுதான் என் மூளை எடுத்துக்கொண்டது.

அபி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். "சொறி அக்கா. இல்லை, இட் ஓல்ரெடி ஹாப்பண்ட். எப்ப நடந்தது எண்டு போடோணும். டிவோர்ஸுக்கு ஒரு வருசம் அதிலையிருந்து கவுண்ட் பண்ணுவினம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். காரில் பேசிய நாள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. என் கைப்பையில் பியர்க் குறிப்புப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் திகதி, வெப்பநிலை, ஈஸ்டின் தலைமுறை எல்லாம் அதில் எழுதுவேன். பத்தொன்பதாவது காய்ச்சலை இரண்டு பேரும் கராஜில் சேர்ந்து நின்று செய்தோம். அதன்பிறகு நான் ஸ்டார்ட்டரை மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விடுவேன், அவர் எடுத்துக்கொண்டு போவார். பத்தொன்பதாவதின் திகதியைக் காட்டினேன். யூன் மாதத்து ஒரு சனிக்கிழமை.

"இதைப் போடலாமோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"போடலாம்," என்றார்.

அபி அதை எழுதினாள். பிறகு, வாடகை காரணமாக ஒரே வீட்டில் இருக்கப் போகிறோம் என்றதும் விரல் மடித்து விளக்கினாள். "ரெக்னிக்கலி பரவாயில்லை. பட் செபரேட்டா இருக்கோணும். ஒரு அறையிலை படுக்கக் கூடாது. சமைச்சுக் குடுக்கக் கூடாது. சேர்ந்திருந்து சாப்பிடக் கூடாது. உடுப்புத் தோய்ச்சுக் குடுக்கக் கூடாது. கப்பிள் மாதிரி விசேசங்களுக்குப் போகக் கூடாது. தொண்ணூறு நாளுக்கு மேலை திரும்பச் சேர்ந்து வாழ்ந்தால், கவுண்ட் முதல்லையிருந்து ஸ்டார்ட் ஆகும்."

ஐந்து விதிகள். குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

4

விதிகளைக் கடைப்பிடிப்பது எனக்குச் சுலபம். தொழிலே அதுதான். மேல்மாடி எனக்கு, கீழ்த்தளம் அவருக்கு. இரண்டு ரைஸ் குக்கர், இரண்டு சீனிப் போத்தல், இரண்டு சவர்க்காரத் தூள். குளிர்பெட்டியில் மேல்தட்டு என்னுடையது, கீழ்த்தட்டு அவருடையது. நடுத்தட்டில் ஈஸ்ட்ச் சாடி. விசேஷங்களுக்குத் தனித்தனிக் காரில் போனோம். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று சொன்னோம், எல்லோரும் நம்பினார்கள். இந்த நகரத்தில் அது யாரும் சந்தேகிக்காத காரணம்.

வரிப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பிரிந்து வாழ்பவர். அதில் சரி போட்டேன். என் பிரிவை முதலில் அறிந்துகொண்ட உறவு வரி அலுவலகம்தான். வாழ்த்தும் இல்லை, கேள்வியும் இல்லை, ஒரு மாதத்தில் திருத்திய கடிதம் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மாதம் ஒருமுறை ஸ்டார்ட்டர் செய்தேன். அபி சொன்ன ஐந்தில் அது இல்லை. குளிர்பெட்டிக் கதவில் மாட்டியிருந்த கலண்டரில் அந்த மூன்று நாட்களையும் சிவப்பு வட்டம் போட்டு வைப்பேன். அவர் வேலையால் வந்து கலண்டரைப் பார்ப்பார், குடுவையைப் பார்ப்பார், "நல்லாச் சுத்துது" என்பார். நான் "ஓம்" என்பேன். சில மாதங்களில் நாங்கள் பேசியது அது மட்டும்தான்.

5

அந்த வெள்ளிக்கிழமை மாமி கறிவேப்பிலைக் கட்டோடு நேரே குசினிக்குள் வந்தார். நெற்றியில் திருநீறு. வெள்ளிக்கிழமை விரதம். அவருடைய அக்காவின் மகன் பியர் காய்ச்சுவது அவருக்குத் தெரியாது. கராஜில் உள்ள பானைகளை வேலைச் சாமான் என்று சொல்லி வைத்திருந்தோம்.

"என்ன பிள்ளை உது? ஆரும் தொடாமல் தன்ரை பாட்டிலை சுத்துது."

நான் குடுவையைப் பார்த்தேன். மண்ணிறமாகக் கலங்கிய தண்ணீர், நடுவில் சுழி, மேலே வெள்ளித் தாள்.

"உது மருந்தோ பிள்ளை?"

"ஓம் மாமி."

"நாட்டு மருந்தோ?"

"ஓம்."

"எத்தினை நாளைக்குச் சுத்தோணும்?"

"ரெண்டு நாள். பிறகு ஒரு நாள் பிரிட்ஜுக்குள்ளை."

மாமி தலையை ஆட்டிக்கொண்டு குளிர்பெட்டிப் பக்கம் திரும்பினார். கலண்டரைக் கண்டார். கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஏப்ரலைப் புரட்டிப் பார்த்தார், மார்ச்சைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் மூன்று சிவப்பு வட்டம். விரலால் எண்ணினார்.

"உது அந்த நாளுகளோ?"

மருந்துக்கான நாட்களைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஓம் மாமி, அந்த நாளுகள்தான்."

"ரெண்டு பேரும் குடிக்கிறதோ?"

"இல்லை. அவர் மட்டும்தான் குடிக்கிறவர்."

மாமி கதிரையை இழுத்து இருந்தார். "ஓ," என்றார். "அப்ப அவனிலைதான்."

பிறகு என் கையைப் பிடித்தார். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. உது இப்ப எல்லா வீட்டிலையும் இருக்கிற பிரச்சினை. நல்ல காலம், அவன் சண்டித்தனம் பண்ணாமல் குடிக்கிறான். உன்ரை மாமாவெண்டால் குடிச்சிருப்பாரோ!"

பிள்ளை உண்டாவதற்கு அவர் குடிக்கும் மருந்து என்று மாமி எடுத்துக்கொண்டது அப்போதுதான் விளங்கியது. திருத்துவதற்கு எனக்கு மூன்று நான்கு செக்கன் இருந்தது. "தேத்தண்ணி போடட்டோ மாமி?" என்று கேட்டேன்.

"நீ இரு, நான் போடுறன். சீனிப் போத்தல் எது?" என்று தட்டைப் பார்த்தார். இரண்டு இருந்தன. என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன்.

6

அடுத்த கிழமை கணவரைப் படியில் கண்டேன். நான் இறங்கினேன், அவர் உடுப்புக் கூடையோடு நின்றார்.

"மொன்றியல் பெரியப்பா எடுத்தவர்," என்றார்.

"என்னவாம்?"

"முருங்கைக்காய் சாப்பிடட்டாம். இறுக்கமான ஜீன்ஸ் போட வேண்டாமாம்."

மாமியின் செய்தி யாழ்ப்பாணத்துக்கு மட்டுமல்ல, மொன்றியலுக்கும் போயிருந்தது.

"ஏன் பெரியப்பா எண்டு கேட்டன். 'எல்லாம் வெல்லலாம் தம்பி, மனதை மட்டும் விட்டிடாதை' எண்டார். எனக்கு என்ன வருத்தம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

சொன்னேன். குடுவை, கலண்டர், "அவர் மட்டும்தான் குடிக்கிறவர்" வரைக்கும் சொன்னேன். அவர் கூடையைப் படியில் வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"நீர் பியர் எண்டே சொல்லியிருக்கலாம்."

"வெள்ளிக்கிழமை."

"அதுவும் சரிதான்," என்று கூடையைத் தூக்கினார். சிரிப்பு எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் முடிந்தது. அவர் கீழே போனார்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். அன்று பின்னேரம் மாமி எடுத்தார். "பிள்ளை, நான் நேர்த்தி வைச்சிட்டன். இந்த முறை திருவிழாவுக்கு உங்களுக்காக அடியழிக்கப் போறன்."

அடியழித்தல் என்பது பெண்கள் செய்யும் நேர்த்தி. ஒவ்வோர் அடிக்கும் விழுந்து கும்பிட்டு, எழும்பி, மறுபடி விழுந்து கும்பிட்டுக் கோயில் வீதியைச் சுற்றுவது. மாமியின் கோயில் முன்பு பொருட்கள் அடுக்கும் களஞ்சியமாக இருந்த கட்டடம். அதன் வீதி ஒரு கார் நிறுத்துமிடம். யூலை மாதத்தில் தார் கொதிக்கும். மாமிக்கு வலது முழங்காலில் சத்திர சிகிச்சை செய்து ஒன்றரை வருடம். கதிரையிலிருந்து எழும்பவே மேசையைப் பிடிப்பார்.

"வேண்டாம் மாமி, முழங்கால்," என்றேன்.

"முழங்காலைத் தந்தவன் பாப்பான். நீ மருந்தைத் தவற விடாதை."

7

இரண்டு நாள் கழித்து அபி எடுத்தாள்.

"அக்கா, வருசம் முடியப் போகுது, பேப்பர்ஸ் ரெடி பண்ணுறன். ஒரே அட்ரஸ்தானே, ஸோ ஜட்ஜ் கேள்வி கேக்கலாம். வீட்டுக்கு வந்து போற ஆரும் ஒராள், நீங்கள் செபரேட்டா இருக்கிறதைக் கண்டதெண்டு ஒரு லெட்டர் தந்தால் நல்லம். ஃபமிலி எண்டால் இன்னும் நல்லம். அப்பிடி ஆரும் இருக்கினமோ?"

எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர் ஒருவர்தான்.

இதில் இன்னொன்று இருக்கிறது. நான் கனடா வருவதற்கு முன், இது பேப்பருக்காகச் செய்த கலியாணம் இல்லை என்று குடிவரவுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. அறுபது படங்கள் அனுப்பினோம். தாலி கட்டும் படம், மோதிரம் மாற்றும் படம், ஒரே கோப்பையில் ஐஸ்கிரீம் சாப்பிடும் படம். கடைசியாக, இரண்டு குடும்பத்தையும் அறிந்த ஒருவரின் கடிதம் கேட்டார்கள். அதை எழுதியவர் ஈஸ்வரி மாமி. ஊருக்கு வந்து கலியாணத்தில் நின்றவர், ஆகவே கண்ணால் கண்டவர். "இவர்கள் ஒருவரோடு ஒருவர் பிரியமாக இருப்பதை நான் கண்டேன்" என்று எழுதியிருந்தார். அப்போது நாங்கள் ஒருவரையொருவர் சந்தித்து ஒன்பது நாள். அந்தக் கடிதத்தின் பிரதி இன்னும் என் கடதாசிக் கோவையில் இருக்கிறது.

கலியாணம் உண்மை என்று எழுதியவரிடமே, இப்போது அது முடிந்தது என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவரோ எங்கள் பிள்ளைக்காகத் தாரில் விழுந்து கும்பிட இருந்தார். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் தீர்க்கலாம். அந்த வாக்கியத்தைப் பத்து நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

8

வெக்ஸ்போர்ட்டில் மாமியின் வீடு எட்டாம் மாடியில். நான் போனபோது கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கல்கரியில் இருக்கும் மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியோ அம்மா?" என்று மாமி மகளிடம் கேட்டார்.

"ஐ'ம் ட்ரைவிங், அம்மா. கான் ஐ கோல் யூ பாக்?"

"ஓம் ஓம். கவனமாப் போ."

மாமி கைபேசியைத் துடைத்து வைத்தார். "போன கிழமையும் ட்ரைவிங்தான்," என்றார். "நீ இரு. நில்லாதை."

நான் நின்றே சொன்னேன். "மாமி, அது மருந்து இல்லை."

"எது?"

"அண்டைக்குச் சுத்தினது. அது ஈஸ்ட். பியருக்குப் போடுறது. அவர் கராஜிலை பியர் காய்ச்சிறவர்."

மாமி கத்தியை வைத்தார். "பியரோ?"

"ஓம்."

"பியருக்கோ நான் ரெண்டு வெள்ளி விரதம் பிடிச்சனான்!" பிறகு, "அதைச் சொல்ல என்ன பயம் உனக்கு? உன்ரை மாமா குடிக்காமல் படுத்த நாள் ஒண்டு சொல்லு பாப்பம். நான் பியர் காணாதவளோ?" என்றார்.

"பிள்ளைக்கு மருந்தும் இல்லை மாமி. நாங்கள் பிரிஞ்சிட்டம். வாற கிழமையோடை ஒரு வருசம்."

அடுப்பில் எண்ணெய் இருந்தது. மாமி அதை அணைத்தார். கை கழுவினார். துடைத்தார். எனக்கு எதிரே இருந்தார்.

"ஆரிலை பிழை?"

"ஒருத்தரிலும் இல்லை."

"அப்பிடியும் ஒண்டு இருக்கோ?"

"இருக்கு மாமி."

மேசையில் கிடந்த வெங்காயத் தோலை ஒன்றாகக் கூட்டினார். பிறகு, "ரெண்டு சீனிப் போத்தல்," என்றார்.

"என்ன மாமி?"

"ரெண்டு சீனிப் போத்தல். ரெண்டு ரைஸ் குக்கர். ரெண்டு சோப்புத் தூள். நான் நினைச்சன், மருந்து குடிக்கேக்குள்ளை அவனுக்குப் பத்தியம், அதுதான் வேறை வேறையா வைச்சிருக்கிறாள் எண்டு. கீழை கம்பியிலை தலையணி உறை ஒண்டு காய்ஞ்சுது. ஒண்டே ஒண்டு. அதையும் கண்டனான். போன தைப்பொங்கலுக்கு நீ ஒரு காரிலை வந்தாய், அவன் ஒரு காரிலை வந்தான். எல்லாம் கண்டனான், பிள்ளை. கண்டு என்ன?"

பதினொரு மாதமாக நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் தலையணை உறை இல்லை.

கடிதத்தைக் கேட்டேன். மாமி என்னைப் பார்த்தார். "அப்ப, முந்தி நான் எழுதித் தந்தது பொய்யோ?"

"இல்லை மாமி. அது உண்மை. அந்த நேரம்."

"நான் கண்டதைத்தான் எழுதுவன்."

"அதுதான் மாமி வேணும்."

"அப்ப அந்தப் போத்தலையும் எழுதோணும்."

"அது சும்மா ஒரு பொழுதுபோக்கு மாமி. அபி சொன்ன லிஸ்டிலை இல்லை."

"ஆர் அபி? அவளுக்கு என்ன தெரியும்?" மாமியின் குரல் உயரவில்லை. "அவன் பியர் காய்ச்ச, நீ ஏன் மூண்டு நாள் மினக்கெடுறாய்? நாள் பாத்து வட்டம் போட்டு வைக்கிறாய். சோறு போட்டால் பெண்சாதி. ஈஸ்ட் போட்டால் ஆர்?"

நான் கதிரையை இழுத்து இருந்தேன்.

"அதை விடு," என்றார் மாமி. "நீ விட்டிட்டன் எண்டு சொல்லு, நான் எழுதித் தாறன். அதைச் செய்துகொண்டு பிரிஞ்சிட்டம் எண்டு என்னட்டைக் கேட்டால், நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

எழும்பி அடுப்பை மறுபடி பற்ற வைத்தார். "சாப்பிட்டிட்டுப் போ," என்றார். சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

9

ஸ்டார்ட்டர் செய்முறையைப் பதினான்கு படிகளாக எழுதினேன். ஆய்வுகூடத்தில் எழுதுவது போலத்தான்: அளவு, நேரம், வெப்பநிலை, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது. ஆறாவது படியின் கீழ் கோடிட்டேன். முழுமையாக ஆறியபின் மட்டும் ஈஸ்டை ஊற்ற வேண்டும், வெப்பமானியால் பார்க்க வேண்டும்.

கணவருக்கு ஒஷாவாவில் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மன்ட் வீடு கிடைத்திருந்தது. யூலை முதலாம் திகதி போவதாக இருந்தது. தாளைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"இவ்வளவோ?"

"இவ்வளவுதான்."

"ரெடி எண்டு எப்பிடித் தெரியும்?"

"பேக்கரிப் பாண் மாதிரி மணக்கும்."

"அதை எழுதேல்லை."

வாங்கி, பதினைந்தாவதாக எழுதிக் கொடுத்தேன். காந்தத் தட்டு, குடுவை, நடுத்தட்டிலிருந்த சாடி மூன்றையும் துவாயில் சுற்றிக் காரில் முன்னாசனத்தில் வைத்து, பெல்ட் போட்டார். சாடியில் இருந்தது எட்டாவது தலைமுறை. ஒவ்வொரு காய்ச்சலிலும் கொஞ்சம் எடுத்துக் கழுவி, அடுத்ததற்கு வைத்து, அப்படி நான் கொண்டுவந்த வரிசை.

யூலை இரண்டாம் கிழமை அவர் எடுத்தார்.

"சுத்துது. ஆனால் ஒண்டும் நடக்கேல்லை. ரெண்டு நாள் ஆச்சு."

"கலங்கேல்லையோ?"

"இல்லை."

"மணம்?"

"இனிப்பு மணம்தான். பாண் மணம் இல்லை."

"எத்தினை பாகையிலை ஊத்தினீங்கள்?"

"கை பொறுக்கிற சூடுதான் இருந்தது," என்றார்.

"அது கூடிப்போச்சு."

"செத்துப்போச்சோ?"

"ஓம்."

"முழுதையும் ஊத்திப்போட்டன்."

"தாளிலை ஆறாவதைப் பாருங்கோ."

"பாத்தனான். அவசரப்பட்டிட்டன்."

நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்ல இடம் இருந்தது. ஒஷாவாவுக்கு நாற்பது நிமிடம். அவர் தட்டை நிறுத்தினார். குச்சி கண்ணாடியில் விழுந்த டக் என்ற சத்தம் தொலைபேசியில் கேட்டது. நான் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டேன். பிறகு இருந்தேன்.

"புதுசு வாங்கவோ?"

"வாங்குங்கோ."

அன்று பின்னேரம் மாமிக்கு எடுத்து, விட்டுவிட்டேன் என்று சொன்னேன். "நாளைக்கு வா," என்றார்.

10

மாமியின் கடிதம் ஒரு பக்கம். தமிழில் எழுதி, முத்திரை வைக்கும் மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆங்கிலத்துக்குப் போனது. அதில் இருந்தவை:

"மேற்படி இருவரையும் நான் அறிவேன். இவர்களுடைய கலியாணம் உண்மையானது என்று முன்னர் எழுதித் தந்தவளும் நானே. சென்ற ஒரு வருடத்தில் பல தடவை இவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். இருவருக்கும் சமையல் வேறு, சீனிப் போத்தல் வேறு. கீழே ஒரு தலையணை உறை மட்டும் காய்ந்தது. குசினி மேசையில் அவருக்காக இவள் செய்யும் ஒரு போத்தல் சுற்றிக்கொண்டிருந்தது. அது இப்போது இல்லை. இருவரும் நல்ல பிள்ளைகள்."

அபி எடுத்தாள். "அக்கா, போத்தல் லைன் கொஞ்சம் வியேர்ட். லாஸ்ட் லைனும் தேவையில்லை. கட் பண்ணச் சொல்லவோ?"

"இருக்கட்டும்," என்றேன்.

வைத்த நேர்த்தியைச் சும்மா விடக் கூடாது என்று மாமி சொன்னார். திருவிழாவில் அடியழிக்கவில்லை. அர்ச்சனைக்கு வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் எங்களை ஏற்கெனவே அறிந்தவர், என் பெயரையும் கணவரின் பெயரையும் ஒரே துண்டில் எழுதத் தொடங்கினார். மாமி கவுண்டரில் கையை வைத்தார்.

"ரெண்டு ரிக்கற், தம்பி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாமி விளக்கவில்லை. முதலில் என் கணவருடைய பெயரும் நட்சத்திரமும், பிறகு என் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். இரண்டு தட்டு வந்தது. இரண்டு தேங்காய். அவருடைய பிரசாதத்தை ஒரு பையில் கட்டி, ஒஷாவாவுக்குப் போகிற ஒருவரிடம் மாமியே கொடுத்தனுப்பினார்.

இன்றைய நிலை இது. எல்லாக் கடதாசியும் கொடுத்தாயிற்று. நீதிமன்றத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. சில மாதம் ஆகலாம் என்று அபி சொல்கிறாள். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிறுகளில் எடுக்கிறார், சமையலைப் பற்றிக் கேட்கிறார், வைத்துவிடுகிறார். கணவர் தன் புதிய ஈஸ்ட் வேலை செய்கிறது என்று படம் அனுப்பியிருந்தார். கலண்டரில் வட்டங்கள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மாமி இரண்டு பஸ் மாறி வருகிறார், தானே தேநீர் போடுகிறார். எந்தச் சீனிப் போத்தல் என்று கேட்பதில்லை. ஒன்றுதான் இருக்கிறது.